சான்டி காசோர்லா காயத்துக்குப் பிறகு எப்படி மீண்டும் ஆடினார்?

அந்தக் காயத்தோடு ஸ்பெயின் கால்பந்து வீரர் சான்டி காசோர்லாவின் ஆட்டம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2016 அக்டோபரில், இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்காக ஆடும்போது வலது கணுக்காலில் அடிபட்டது. அறுவைசிகிச்சைக்குப் பின் கிருமித்தொற்று குதிகால் தசைநாரில் சுமார் 8 சென்டிமீட்டரை அரித்துவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே போதும் என்றார்கள் மருத்துவர்கள். இடக்கையிலிருந்து தோலை எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். மகளின் பெயரைப் பச்சை குத்திய தோல் அது, எழுத்துகளில் பாதி இப்போது காலில்!

2018இல் ஸ்பெயினின் வில்லாரியல் அணியில் மீண்டும் களமிறங்கினார். மறு ஆண்டே ஸ்பெயின் அணியும் அழைத்தது. ஸ்பெயினோடு அவர் வென்ற யூரோ 2008, 2012 (ஐரோப்பிய நாடுகளுக்கான போட்டி) கோப்பைகளைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். இடையில் கத்தாரின் அல் சத் அணியிலும் ஆடினார். 2023இல், சிறுவயதில் பயின்ற ஸ்பெயின் அணியான ஒவியேடோவுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் திரும்பினார். 2025இல், 40 வயதில், தகுதிச்சுற்று இறுதியில் பெனால்டி கோல் அடித்தார். 24 ஆண்டுகளுக்குப் பின் ஒவியேடோ, ஸ்பெயினின் முதல்நிலைத் தொடரான லா லிகாவுக்குள் நுழைந்தது.