லாஸ் ஏஞ்சலஸிலிருந்து குடும்பத்தோடு ஒரே நாளில், கலிபோர்னியாவின் டேனிஷ் ஊரான சோல்வாங் போய்வர முடியுமா? பேஸ்ட்ரி, ஒயின் இரண்டுக்கும் நேரம் கிடைக்குமா?

தாராளமாகப் போய்வரலாம். ஏறக்குறைய 130 மைல். நெரிசலில் மாட்டாவிட்டால் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். ஒன்பது மணிக்கு ஊர் அமைதியாக இருக்கும், பேக்கரிகளில் அன்றைய சரக்கு சூடாக இருக்கும். பதினொன்றைத் தாண்டிவிட்டால், அதுவும் சனி ஞாயிறு என்றால், கோபன்ஹேகன் டிரைவ் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது.

போய்வந்த சிலர் "எல்லாம் சினிமா செட் மாதிரி இருக்கு" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடுங்குளிரில் வாழ்ந்த டேனிஷ் குடியேறிகள், தங்கள் மொழியும் பழக்கவழக்கமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று 1911-ல் சான்டா இனெஸ் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஏக்கர் வாங்கி உண்டாக்கிய ஊர் இது. கையோடு ஒரு பள்ளியையும் தொடங்கினார்கள். நாம் இன்று பார்க்கும் மரச்சட்டம் போட்ட சுவர்கள், காற்றாலைகள், கூரைமேல் நிற்கும் மர நாரைகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியவை. 1947-ல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் ஊரைப் பற்றிக் கட்டுரை வந்தது, கூட்டம் வர ஆரம்பித்தது, கடைக்காரர்களும் முகப்பை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே டேனிஷ் குடும்பங்கள் இங்கே மாடு வளர்த்து, விவசாயம் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தன.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் ஏபல்ஸ்கீவர். மைதா, முட்டை, மோர் கலந்த மாவைக் குழிகள் உள்ள இரும்புத் தட்டில் ஊற்றிச் சுடுவார்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அழைத்துப் போனேன். ஜன்னல் வழியாகச் சுடுவதைப் பார்த்ததும், "இது நம்ம பணியாரச் சட்டிதானே!" என்று அங்கேயே நின்றுவிட்டார். அடி வெந்ததும் சுடுகிற பெண் நீளமான கம்பியால் ஓரத்தைக் குத்திக் கால்வாசி திருப்புகிறார். உள்ளே இருக்கும் பச்சை மாவு வழிந்து குழியில் இறங்கி வேகிறது. மறுபடி கால் திருப்பு. இப்படியே முழு உருண்டையாகிவிடுகிறது. நாம் ஒரே புரட்டாகப் புரட்டிவிடுவோம், இவர்கள் அவசரப்படுவதில்லை. மேலே பொடித்த சர்க்கரையும் ராஸ்பெர்ரி ஜாமும் போட்டுத் தருவார்கள். ஜாமைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மாவின் ருசியே தெரியாது. டென்மார்க்கில் இது கிறிஸ்துமஸ் காலத்துப் பண்டம். சோல்வாங்கில் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது.

அப்புறம் பேஸ்ட்ரி. விமான நிலையத்தில் 'டேனிஷ்' என்று விற்கும் தித்திப்புப் பண்டத்தை வைத்து இதை எடைபோடாதீர்கள். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மடித்து, தேய்த்து, மறுபடி மடித்துச் செய்வதால் கடித்தவுடன் மேல் அடுக்கு சட்டை முழுக்க உதிரும். ஆல்சன்ஸ், பிர்க்ஹோம்ஸ், மார்டென்சன்ஸ் என்று நடக்கிற தூரத்திலேயே பேக்கரிகள் இருக்கின்றன. ஒரே கடையில் பெட்டி நிறைய வாங்குவதைவிட, கடைக்கு ஒன்றாக வாங்கிக் குடும்பமாகப் பங்கிட்டுச் சாப்பிடுவதுதான் சுகம். பாதாம் விழுது வைத்த கிரிங்கிள் என்ற பேஸ்ட்ரியை மட்டும் தவறவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோகவும் அதுதான் தோது, மறுநாளும் நன்றாக இருக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் உடன் வந்தால் கொஞ்சம் சிரமம். பேக்கரிப் பண்டங்களில் பெரும்பாலும் முட்டை உண்டு, மதியச் சாப்பாடும் பன்றி இறைச்சி சாசேஜ், இறைச்சி உருண்டை என்றுதான் இருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் நடுவில் இருக்கும் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

மதியத்தைப் பரிசுக் கடைகளில் கழித்துவிடாதீர்கள். எல்வர்ஹோய் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒரு கலைஞர் குடும்பம் வாழ்ந்த வீடு, 1988 முதல் அருங்காட்சியகம். 1928-ல் கட்டிய பெத்தானியா தேவாலயத்தில் கூரையிலிருந்து ஒரு மாதிரிக் கப்பல் தொங்கும். கடலோடிகளின் நாடான டென்மார்க்கில் இது பழைய வழக்கம். ஊரின் கிழக்கு ஓரத்தில் ஸ்பானியர்கள் 1804-ல் நிறுவிய சான்டா இனெஸ் மிஷன் என்ற கத்தோலிக்க மதப்பரப்பு நிலையம் இருக்கிறது. அங்கே சூமாஷ் பழங்குடி இளைஞர் ஒருவர் கசையடி வாங்கியதுதான், மிஷன்களை எதிர்த்து சூமாஷ் மக்கள் செய்த 1824 கிளர்ச்சியைப் பற்றவைத்தது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்பு இது யாருடைய மண் என்பதைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

ஒயினைப் பொறுத்தவரை, திராட்சைத் தோட்டங்களைத் தேடிக் காரில் அலைய வேண்டாம். ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங் ரூம்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. கலிபோர்னியாவின் கடலோர மலைகள் பொதுவாக வடக்கு தெற்காக ஓடும். இங்கே கிழக்கு மேற்காகத் திரும்பியிருப்பதால் பசிபிக்கின் மூடுபனியும் குளிர்காற்றும் தடையில்லாமல் பள்ளத்தாக்குக்குள் நுழைகின்றன. அதனால்தான் குளிர்ந்த மேற்குப் பக்கம் பினோ நுவாரும் ஷார்டனேயும், வெயில் காயும் கிழக்கே காபர்னே சாவினியோனும் என்று வெவ்வேறு திராட்சை வகைகள் விளைகின்றன. ஒரே அமர்வில் மேற்கிலிருந்து ஒன்று, கிழக்கிலிருந்து ஒன்று கேட்டுச் சுவைத்தால் இந்த வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். குடும்பத்தோடு போகும்போது ஓர் இடம் போதும். 21 வயதுக்குக் கீழே ஊற்றமாட்டார்கள், பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்பதை முன்பே போன் செய்து கேளுங்கள். வண்டி ஓட்டுபவர் அன்று தொடவே கூடாது, "சும்மா ஒரு வாய்" கூட வேண்டாம்.

பெரியவர்கள் சுவைக்கிற நேரத்தில் ஒருவர் பிள்ளைகளை 246 சாலையில் இருக்கும் ஆஸ்ட்ரிச்லாண்டு நெருப்புக்கோழிப் பண்ணைக்குக் கூட்டிப்போகலாம். கைப்பிடி வைத்த தட்டில் தீனி தருவார்கள். நெருப்புக்கோழி கொத்துகிற வேகத்தில் தட்டு பறந்துவிடும், இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது 154 சாலை அழகு, கச்சூமா ஏரியை ஒட்டியே போகும். ஆனால் வளைவுகள் அதிகம். வயிறு நிறைய வெண்ணெயும் சர்க்கரையுமாகப் பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் பேசாமல் 101-ஐப் பிடித்து கவியோட்டா வழியாக வந்துவிடுங்கள்.