பக்கத்துக் கிணறுகளில் ஒரே உப்பு: தற்செயலா, தொடர்பா?

கேள்வி: திருப்பூரிலிருந்து ஒரத்துப்பாளையம் அணை வரை நொய்யல் கரையோரம் 60 கிணறுகளில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) அளந்திருக்கிறேன். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் அளவு ஒத்துப்போகிறது. இது தற்செயல் அல்ல என்று எப்படி நிறுவுவது? – முதுகலை மாணவி, காங்கேயம்

பதில்: பேட்ரிக் மொரான் 1950-இல் தந்த ‘மொரான் ஐ’ உங்களுக்குப் போதும். ஒவ்வொரு கிணறும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதை அண்டைக் கிணறுகளின் விலகலோடு இது ஒப்பிடும். உப்புக்குப் பக்கத்தில் உப்பும் நல்ல தண்ணீருக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீரும் இருந்தால் எண் ஏறும். தொடர்பே இல்லாவிட்டால் எதிர்பார்க்க வேண்டியது சுழியம் அல்ல. 60 கிணறுகளுக்கு −1/59, அதாவது −0.017. அளவுகளைக் கிணறுகளுக்குள் 999 முறை மாற்றிக் குலுக்கிப் பாருங்கள். ஒருமுறைகூட உங்கள் எண்ணை எட்டவில்லை என்றால் பி மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய எண் வரும் வாய்ப்பு, 0.001 (உங்கள் உண்மை அளவையும் சேர்த்து 1000-இல் 1). இலவசமாகக் கிடைக்கும் ஜியோடா மென்பொருளே இதைச் செய்துவிடும்.

மென்பொருள் செய்யாத வேலை, யார் யாருக்கு அண்டை என்று முடிவுசெய்வது. விடை பெரும்பாலும் அதில்தான் தொங்குகிறது. நம் பக்கம் அடியில் இருப்பது கடும்பாறை. தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். திறந்த கிணறும் அதன் வரப்போரத்தில் 800 அடிக்குப் போட்ட ஆழ்துளைக் கிணறும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் இரண்டிலும் ஊறுவது ஒரே தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு வகையையும் பிரித்தே சோதியுங்கள். அருகிலுள்ள 4 கிணறுகளா, 2 கிலோமீட்டர் தூரத்துக்குள் உள்ள எல்லாக் கிணறுகளுமா என்பதை முடிவைப் பார்க்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். பிடித்த விடை வரும்வரை அண்டையை மாற்றிக்கொண்டிருப்பது ஆய்வாகாது.

இன்னொன்று. நொய்யல் மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது. வழியில் சாயக்கழிவும் சேர்ந்திருக்கிறது. கீழே போகப் போக உப்பு கூடினால் அந்தப் போக்கே மொரான் எண்ணை உயர்த்திவிடும். அதனால் மூல அளவோடு நின்றுவிடாதீர்கள். ஆற்றின் போக்கில் உள்ள தூரத்தை வைத்துத் தொடர்புப் போக்குச் சமன்பாடு (ரிக்ரஷன்) போட்டு, அது விளக்காமல் மிஞ்சும் எச்சங்களையும் சோதியுங்கள். எச்சங்களுக்குச் சாதாரணக் குலுக்கல் சரிவராது. அவற்றுக்கென்றே உள்ள மொரான் சோதனை ஆர் மென்பொருளின் எஸ்பிடெப் தொகுப்பில் இருக்கிறது. எச்சத்திலும் தொடர்பு தெரிந்தால், அந்தச் சமன்பாடு தந்த பி மதிப்புகளை நம்ப முடியாது. இடத் தொடர்பையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் மாதிரிக்கு (மாடலுக்கு) போக வேண்டும்.

தூரத்தைப் பாகையில் அளக்காமல் மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடத்தை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். வரைபட முறையில் திருப்பூரும் ஈரோடும் 43-ஆம் மண்டலம், பின்னால் கரூர் நகரக் கிணறுகளைச் சேர்த்தால் அது 44. எல்லாவற்றையும் ஒரே மண்டலத்துக்குக் கொண்டுவந்த பிறகே அண்டையைக் கணக்கிடுங்கள்.