பழைய இந்திப் பாடல்களை லாஸ்லெஸ்ஸில் கேட்க: எந்தப் பிரதி, எந்தக் கோப்பு, எந்த வயர்?

கேள்வி: அப்பாவுக்காக 1950 முதல் 70கள் வரையிலான இந்திப் படப் பாடல்களை லாஸ்லெஸ் தரத்தில் சேர்த்து வைக்க நினைக்கிறேன். ஆப்பிள் மியூசிக் சந்தா எடுத்திருக்கிறேன். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனும் புளூடூத் இயர்போனும். சில பாடல்கள் லாஸ்லெஸ் என்று காட்டினாலும் மந்தமாகக் கேட்கின்றன. சிலவற்றில் அசலில் இல்லாத டிரம்ஸ் அடிக்கிறது. நண்பர் கொடுத்த ஃபிளாக் கோப்புகள் 400 கேபிபிஎஸ்தான் காட்டுகின்றன, அவை போலியா? வீட்டில் இருபது எச்எம்வி சிடிக்கள் இருக்கின்றன, கணினியில் சிடி டிரைவ் இல்லை. ஐந்தாயிரம் ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

பதில்: அந்த 400 கேபிபிஎஸ்ஸிலிருந்து தொடங்கலாம். அதை மட்டும் வைத்துக் கோப்பைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். சிடியில் இருக்கும் ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனலுக்கும் சேர்த்து வினாடிக்கு 1411 கிலோபிட் (கேபிபிஎஸ்). ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் கோப்பு வகை அதை எதையும் விடாமல் சுருக்கும்போது இன்றைய ஸ்டீரியோ பாட்டு 900, 1000 என்று நிற்கும். ஆனால் 1955இல் வந்த ‘ஸ்ரீ 420’, 1957இல் வந்த ‘பியாசா’ எல்லாம் மோனோ. இடது சேனலில் இருப்பதுதான் வலதிலும். இரண்டுக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்று தெரிந்தால், ஃபிளாக் ஒரு சேனலை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் கிட்டத்தட்ட இடமே பிடிக்காமல் முடித்துவிடும். ஆகவே மோனோ பாட்டுக்கு 300 முதல் 450 என்பது இயல்பான எண். மூன்றரை நிமிடப் பாட்டு 10, 12 எம்பிக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்து மோனோ பாட்டு 900 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். யாரோ செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருக்கலாம். அல்லது இசைத்தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டி, இரண்டு பக்கத்துக் கீறல் சத்தத்தையும் அப்படியே எழுதியிருக்கலாம்.

உண்மையில் போலியான கோப்பு என்பது எம்பி3யை எடுத்து ஃபிளாக் உறைக்குள் போட்டது. இதைக் கண்டுபிடிக்க ஸ்பெக் அல்லது ஆடாசிட்டி என்ற கணினி நிரல் போதும், இரண்டும் இலவசம். ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து, டிராக் பெயரை அழுத்தி, எந்த ஸ்தாயியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு விழும், அதற்கு மேல் கறுப்பு. 320 என்றால் அந்த வெட்டு 20 கிலோஹெர்ட்ஸ் அருகே இருக்கும்.

பழைய பாடலில் இந்தச் சோதனை பலரை ஏமாற்றுவதும் உண்டு. அந்தக் காலத்துப் பதிவில் பாட்டும் வாத்தியமும் 8, 10 கிலோஹெர்ட்ஸோடு ஓய்ந்துவிடும். மேலே இருப்பது டேப்பின் இரைச்சலோ தட்டின் உராய்வோதான். எனவே மேலே பாட்டு இருக்கிறதா என்று தேடாதீர்கள், இரைச்சல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். நேர்மையான பிரதியில் அது மெல்ல மெல்ல மங்கி 22 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். எம்பி3யிலிருந்து வந்ததில் சட்டென்று அறுபடும். அறுபடும் இடத்துக்குக் கீழே, பாட்டு மெலிகிற நேரங்களில், கட்டம் கட்டமாகக் கறுப்பு ஓட்டைகளும் தெரியும். 10 கிலோஹெர்ட்ஸிலேயே சரிவாக எல்லாம் அணைந்திருந்தால், பாட்டை வெளியிட்ட நிறுவனமே மாஸ்டரில், அதாவது பிரதிகளுக்கு மூலமான பதிவில், இரைச்சலை நீக்கியிருக்கிறது என்று பொருள். அது கோப்பின் குற்றமல்ல, மாஸ்டரின் குற்றம். சில பிரதிகளில் 15.6 கிலோஹெர்ட்ஸில் முடி போன்ற ஒற்றைக்கோடு பாட்டு முழுக்க ஓடும். ஒலியை மாற்றிப் பதித்த அறையில் இருந்த பழைய டிவி மானிட்டரின் ரீங்காரம் அது. கவலை வேண்டாம்.

இனி அந்த டிரம்ஸ். 1950, 60களில் பம்பாயில் தார்டியோ ஃபேமஸ் ஸ்டுடியோ, பாந்த்ரா மெஹ்பூப் ஸ்டுடியோ போன்ற இடங்களில் பாடகரும் மொத்த வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வாசிக்க, ஃபேமஸின் மினு கத்ரக் போன்ற ஒலிப்பதிவாளர்கள் மைக்குகளின் அளவை அங்கேயே கூட்டிக் குறைத்து ஒரே மோனோ தடத்தில் இறக்கினார்கள். குரல் தனி, தபலா தனி என்று பிரித்து வைத்த தடங்கள் பெரும்பாலும் கிடையாது. ஆகவே பின்னாளில் யாராவது அதை ஸ்டீரியோ ஆக்க வேண்டுமென்றால் வழி மூன்றுதான்: மின்னணு வித்தையால் இரண்டாகப் பிரிப்பது, மேலே புதிய வாத்தியங்களைச் சேர்ப்பது, அல்லது குரலை வைத்துக்கொண்டு இசையை மறுபடி வாசிப்பது. 1960இன் ‘முகல்-எ-ஆஸம்’ 2004இல் வண்ணத்தில் வந்தபோது மூன்றாவது வழிதான் பின்பற்றப்பட்டது. பழைய குரல்களை வைத்துக்கொண்டு நௌஷாத்தின் இசையை உத்தம் சிங் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் அப்பா வானொலியில் கேட்ட பதிவு அதுவல்ல.

உங்களைத் தொந்தரவு செய்வது இரண்டாவது வகை. கேசட் காலத்தில் ‘ஜங்கார் பீட்ஸ்’ என்று தாளம் ஏற்றி விற்றவை, ‘ரிவைவல்’ என்ற பெயரில் இசை ஏற்றி வந்தவை எல்லாம் இன்று ஸ்ட்ரீமிங்கில் அசலோடு கலந்து கிடக்கின்றன. லாஸ்லெஸ் என்ற முத்திரை, நிறுவனம் கொடுத்த கோப்பு கெடாமல் உங்களுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லும். அவர்கள் கொடுத்தது 1957இன் பதிவா, பின்னாளில் தாளம் ஏற்றியதா என்பது அதற்குத் தெரியாது.

கைவசம் கோப்பு இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். ஆடாசிட்டியில் டிராக் மெனுவில் ‘ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ’ கொடுத்து இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தேர்ந்து எஃபெக்ட் மெனுவில் ‘இன்வெர்ட்’ கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். இரண்டு சேனலிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அழித்துவிடும். முழு மௌனம் என்றால் சுத்தமான மோனோ. பாட்டு மறைந்து கீறலும் சரசரப்பும் மட்டும் மிஞ்சினால் ஸ்டீரியோ ஊசியில் எடுத்த மோனோ தட்டு; அதை மோனோவாகக் கலந்தாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும். பாட்டு போய் டிரம்ஸும் எதிரொலியும் மட்டும் மிஞ்சினால் பின்னால் ஏற்றிய தாளம் கையும் களவுமாக மாட்டியது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மிஞ்சினால் போலி ஸ்டீரியோ. இந்தச் சோதனையை 70களின் பிற்பகுதி, 80களின் பாடல்களுக்கு வைக்காதீர்கள். அசல் ஸ்டீரியோவிலும் நடுவில் நிற்கும் குரல் மறைந்து வாத்தியங்கள் மிஞ்சும்.

மந்தமாகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வாத்தியம் ஓய்கிற இடத்தைக் கவனியுங்கள். குரல் வரும்போது இரைச்சலும் கூடவே எழுந்து, குரல் நின்றதும் அதுவும் சட்டென்று செத்தால் கருவி வேலை செய்திருக்கிறது. சந்தூரின் கடைசி அதிர்வு, சலங்கை, வயலின்களின் மேல் ஸ்தாயி எல்லாம் அந்த இரைச்சலோடு சேர்ந்தே போயிருக்கும். பாட்டு முழுக்க ஒரே சீராக மெல்லிய ‘ஸ்ஸ்’ இருப்பதுதான் நல்ல பிரதி. ஐந்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். வெட்டிப்போட்ட சந்தூரை எந்த ஈக்வலைசரும் திருப்பித் தராது.

எனவே ஆப்பிள் மியூசிக்கில் தேடும்போது ‘லதா ஹிட்ஸ்’, ‘எவர்கிரீன்’ தொகுப்புகளை விட்டுவிட்டு, படத்தின் பெயரிலேயே இருக்கும் ஆல்பத்தைத் திறங்கள். ஒரே பாட்டு பத்து ஆல்பங்களில் இருக்கும். நீளத்தை ஒப்பிடுங்கள். 78 ஆர்பிஎம் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடந்தான் கொள்ளும் என்பதால் 50களின் பாடல்கள் பலவும் அந்த அளவில்தான் இருக்கும். அதே பாட்டு ஐந்து நிமிடம் என்றால் தட்டின் இரண்டு பக்கத்தை ஒட்டியதாகவோ, படத்திலிருந்து எடுத்ததாகவோ, இடையில் இசை நுழைத்ததாகவோ இருக்கலாம். கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் உரக்கக் கேட்டால்கூட அதுவே ‘தெளிவு’ என்று காது சொல்லும். ரீமாஸ்டர்கள் ஜெயிப்பது பாதி இப்படித்தான்.

24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் என்று கண்ணில் பட்டால் மயங்க வேண்டாம். மேலே 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டே இல்லாத பதிவுக்கு 44.1 தாராளம், 16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளியை அந்தக் காலத்து டேப் நெருங்கியதே இல்லை. செயலியின் ஆடியோ குவாலிட்டி அமைப்பில் ‘லாஸ்லெஸ்’ வரை வையுங்கள், ‘ஹை-ரெஸ்’ வேண்டாம். மொபைல் டேட்டாவாவது மிஞ்சும்.

உங்கள் வீட்டு இருபது சிடிக்கள்தான் இந்த விஷயத்தில் பெரிய சொத்து. 80களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த சிடிக்களில் இரைச்சல் நீக்கம் குறைவு, ஒலியை இழுத்துப் பெரிதாக்கும் பழக்கமும் அப்போது வரவில்லை. அவற்றை முதலில் ரிப் செய்யுங்கள், அதாவது கணினிக் கோப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான நிரல் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் செக்யூர் மோடைத் தேர்ந்து, ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ கொடுங்கள். அது ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படிக்கும். படித்ததைச் சரிபார்க்க அது தரும் இரண்டு சிஆர்சி எண்ணும் ஒன்றாக இருந்தால் ரிப் சரி. அக்யூரேட்ரிப் என்ற ஒப்பீட்டுத் தரவில் இந்தி சிடிக்கள் பல இருக்காது. ‘இல்லை’ என்று வந்தால் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். முடிந்ததும் ரிப் நடந்த விவரம் அடங்கிய லாக் கோப்பையும் கூடவே சேமியுங்கள்.

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் விளிம்புக் கீறல் கடைசிப் பாடல்களைத்தான் முதலில் கெடுக்கும். பிழை வந்தால் ஒரு சொட்டு சோப்பும் தண்ணீரும் விட்டு, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும், பிழைதிருத்தத்தால் அதை மீட்க முடியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது ஊசித்துளைகள் நிறையத் தெரிந்தால் அலுமினியப் பூச்சே போய்விட்டது, துடைத்துப் பயனில்லை. ரிப் செய்தபின் ஒரு சிடி மட்டும் காதைக் குத்துகிற கூர்மையோடு ஒலித்தால் ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காலச் சில சிடிக்களில் உச்ச ஸ்தாயியைத் தூக்கி எழுதி, பிளேயர் இறக்கிக்கொள்ளும்படி விடுவார்கள். கணினி ரிப்பில் அந்த இறக்கம் நடக்காது. சிடியின் பாட்டு விவரம் அடங்கிய கியூ கோப்பில் அதற்கான குறி தெரிந்தால் சாக்ஸ் நிரலின் டீஎம்ஃப் கட்டளை சரிசெய்துவிடும்.

டிவிடியிலிருந்து எடுத்த ‘முழு நீளப் படப் பிரதி’ ஃபிளாக்குகளை லாஸ்லெஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்திப் பட டிவிடிக்களில் இருப்பது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல், அது சுருக்கத்தில் இழந்த ஒலி. பால் என்ற டிவி முறையில் வந்த டிவிடி என்றால் 24 ஃபிரேம் படம் 25இல் ஓடுவதால் பாட்டு 4 சதவீதம் வேகமாகி, சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிட்டிருக்கும். விடுபட்ட சரணத்துக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்கள் போன். புளூடூத்தில் ஒலியை அனுப்பும் வழக்கமான எஸ்பிசி, ஏஏசி முறைகள் எல்லாமே இழப்புள்ள சுருக்கம். எல்டிஏசி என்ற உயர்தர முறையின் உச்சமான 990 கேபிபிஎஸ்ஸும் அப்படித்தான். சந்தாவில் லாஸ்லெஸ் வாங்கி, காதுக்கு வரும் வழியில் அதை மறுபடி சுருக்குகிறீர்கள். 50களின் மோனோ பாட்டில் இந்த இழப்பு பெரிதாகக் கேட்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைவிட போனின் டால்பி அட்மாஸ், பேஸ் பூஸ்ட், இயர்போன் செயலியின் 3டி ஆகியவை செய்யும் சேதம் பெரிது. மோனோ குரலை எடுத்துத் தலையைச் சுற்றிப் பரப்பும், தட்டின் உறுமலையும் 50 ஹெர்ட்ஸ் மின்சார ஹம்மையும் தூக்கிக் காட்டும். செலவில்லாத முதல் வேலை, இவை எல்லாவற்றையும் அணைப்பது.

ஐந்தாயிரத்தை இப்படிப் பிரிக்கலாம். வெளியிலிருந்து யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவுக்கு இரண்டாயிரத்துக்குள். யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதுவும் மிச்சம். வயர் இயர்போனைப் போனில் செருக உதவும் யுஎஸ்பி-சி டாங்கிளுக்கு ஆயிரம். மிக மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் டிஜிட்டல் கோப்பை ஒலி மின்னலையாக மாற்றும் டேக் சிப்பே இருக்காது, சில போன்களில் அவை ஊமையாகிவிடும்; ‘டேக் உள்ளது’ என்று பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். ஆப்பிளின் டாங்கிள் தரமானது, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒலி மிகக் குறைவாக வரும், உங்களுக்கு அது ஒத்துவராது. மீதியில் வயர் இயர்போன். உச்ச ஸ்தாயி பளபளக்கும் மாடல் வேண்டாம். 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸைத் தூக்கும் இயர்போனில் பழைய பாட்டின் இரைச்சல் முன்னால் வந்து உட்காரும். வாங்குவதற்கு முன் கடையில் அப்பாவின் பாட்டையே போட்டுக் கேளுங்கள். வாங்கிய பிறகு இரைச்சல் உறுத்தினால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3 டெசிபல் குறையுங்கள், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இதைக் கோப்பில் செய்யாமல் பிளேயரின் ஈக்வலைசரில் மட்டும் செய்யுங்கள்.