கிள்ளான்காரருக்கு இரண்டு நாள் வீடு: கொடுக்கலாமா?

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் கணக்கு எழுதித் தரும் சிறு அலுவலகம் நடத்துகிறேன். மொத்தம் பதினொரு பேர். கிள்ளானிலிருந்து வரும் கணக்காளர் ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். வீட்டில் வேலைதான் செய்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும் மென்பொருளைப் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். சட்டப்படி நான் கொடுத்தே ஆக வேண்டுமா?
(பெயர் வேண்டாம், கோலாலம்பூர்)

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் முறையாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். வேலை நேரம், நாள், இடம் இவற்றில் எதையும் மாற்றித் தரச் சொல்லி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்க 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இடம் தருகிறது. 2023 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. 60 நாளுக்குள் நீங்களும் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் வாட்ஸ்அப்பில் பேரம் பேசாமல், ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மென்பொருள் வேண்டாம் ஐயா. மனிதவளத் துறையில் இருபத்தாறு வருடம் இருந்தவள் சொல்கிறேன். 2020இல் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நான் இருந்த இடத்தில் மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் ஒன்றைப் போட்டார்கள். எங்கள் கிராணி (எழுத்தர்) ஒருவர், சுழலும் மேசை விசிறியில் மவுஸைக் கட்டிவிட்டு மீன் கறி வைத்தார். அறிக்கையில் அந்த மாதம் அவர்தான் முதலிடம்! நன்றாக வேலை செய்த இன்னொருவர், என்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று சொல்லி விலகிப் போனார். அந்த இழப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

உங்கள் தொழிலில் அளப்பது சுலபம். திங்கட்கிழமை எந்த வாடிக்கையாளரின் கணக்கு யாரிடம் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை முடிந்ததா என்று பாருங்கள். வீட்டு நாளாகச் செவ்வாயும் வியாழனும் கொடுங்கள். திங்கள், வெள்ளி கொடுத்தால், அவர் வீட்டில் இருந்தாலும் வார இறுதியோடு சேர்த்து ஈப்போவுக்குப் போய்விட்டார் என்று மற்றவர்கள் பேசுவார்கள். புதன்கிழமை எல்லாரும் அலுவலகத்தில் இருக்கட்டும். முதலில் மூன்று மாதச் சோதனை, வரிப் பருவத்தில் தேவைப்பட்டால் நிறுத்தி வைக்கலாம் என்று கடிதத்திலேயே போட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளர் கோப்புகள் அலுவலக மடிக்கணினியிலேயே இருக்கட்டும், பிள்ளை விளையாடும் கணினிக்குப் போகக் கூடாது. வீட்டில்தானே இருக்கிறார் என்று இரவு ஒன்பது மணிக்கு நீங்களும் செய்தி அனுப்பாதீர்கள். வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பு வீட்டுக்கும் உண்டு.

இப்போது நீங்கள் பயப்படும் விஷயம். எல்லாரும் கேட்பார்கள், சரி, கேட்கட்டுமே. முகப்பில் உட்காரும் பெண்ணும், வரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் ஓடும் தம்பியும்தான் என் கவலை. அவர்கள் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பெரும்பாலான அலுவலகங்களில் மனக்கசப்பு அங்கேதான் முளைக்கிறது, கிள்ளான்காரரிடம் இல்லை. சட்டம் இடத்தை மட்டும் சொல்லவில்லை, நேரத்தையும் சொல்கிறது பாருங்கள். தம்பி காலை ஏழரைக்கு வந்து நான்கரைக்குப் போகட்டும். சாலை நெரிசலாவது மிச்சம். முகப்புப் பெண்ணுக்கு எது உதவும் என்று நான் ஊகிப்பதைவிட நீங்களே கேளுங்கள். ஒருவேளை பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்பார்.

இவர்கள் இருவரிடமும் பேசிய பிறகு, கிள்ளான்காரருக்குப் பதில் கடிதம் எழுதுங்கள்.