கால்பந்துக்கு எந்த இன்டர்வல்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: வாரம் இரண்டு நாள் கிரவுண்டைச் சுற்றி நாற்பது நிமிடம் நிதானமாக ஓடுகிறோம். இன்டர்வலுக்கு மாறலாமா?

மாறுங்கள். இன்டர்வல் என்றால் கொஞ்ச நேரம் கடுமையாக ஓடி, நடுவே மெதுவாகப் போய், மறுபடி கடுமையாக ஓடுவது. ஒரு மேட்சில் மிட்ஃபீல்டர் 10, 12 கிலோமீட்டர் போகிறார் என்று கேட்டதும் பலர் நீண்ட ஓட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி நடையும் மெதுவான ஓட்டமும்தான், ஆட்டத்தை மாற்றுவது நடுநடுவே வரும் இரண்டு மூன்று விநாடிப் பாய்ச்சல். நார்வேயில் ஹெல்கெருட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2007-இல் நான்கு முறைகளை ஒப்பிட்டார்கள். ஓடியவர்கள் ஓரளவு பயிற்சி உள்ள ஆண்கள், கால்பந்து வீரர்கள் அல்ல. எல்லா முறையிலும் மொத்த உழைப்பு சமம், வாரம் 3 நாள், 8 வாரம். நிதானமான நீண்ட ஓட்டத்தாலும் கொஞ்சம் வேகமான தொடர் ஓட்டத்தாலும் விஓ2 மேக்ஸ், அதாவது உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, சொல்லும்படி ஏறவில்லை. 15 விநாடி ஓடி 15 விநாடி மெதுவாகப் போகும் முறையில் 5.5 சதவீதமும், 4 நிமிடக் கடும் ஓட்டத்தை 4 முறை செய்யும் 4x4 முறையில் 7.2 சதவீதமும் ஏறியது.

கேள்வி: 4x4 என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்? ஹார்ட் ரேட் வாட்ச் கிடையாது.

4 நிமிடம் கடுமையான ஓட்டம், 3 நிமிடம் ஜாகிங், இப்படி 4 முறை. உச்ச இதயத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம் வரவேண்டும். இதே குழு 2001-இல் ஜூனியர் கால்பந்து வீரர்களுக்கு வாரம் 2 நாள், 8 வாரம் இதைக் கொடுத்தபோது மேட்சில் ஓடும் தூரம் 20 சதவீதம் கூடியது, ஸ்பிரிண்ட் எண்ணிக்கை இரட்டிப்பானது. வாட்ச் இல்லாவிட்டால் பேச்சை வைத்துப் பாருங்கள், மூன்றாவது நிமிடத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் வரக்கூடாது, ஆனால் நான்காவது சுற்றையும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிக்க முடிய வேண்டும். முதல் நிமிடத்திலேயே துடிப்பை ஏற்றிவிட முயலாதீர்கள், அது மெல்லத்தான் ஏறும். உச்சி வெயிலில் குறைந்த வேகத்திலேயே துடிப்பு எகிறிவிடும், அதனால் காலையில் ஓடுங்கள்.

கேள்வி: பந்தே இல்லாமல் ஓட பசங்களுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக்கு நான்கு பேராக 4-க்கு 4 ஆட்டம் போதாதா?

பெரும்பாலும் போதும். இம்பெல்லிசெரி என்ற ஆய்வாளர் 2006-இல் ஜூனியர் வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெறும் ஓட்டமும் மறு பாதிக்குச் சின்ன ஆட்டங்களும் கொடுத்தார், முன்னேற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆட்டத்தை நடத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. பந்து வெளியே போனால் அடுத்த பந்து உடனே உள்ளே வரவேண்டும், கோச் ஓரத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் நான்கு நிமிடத்தில் இரண்டு நிமிடம் பந்து பொறுக்குவதிலேயே போய்விடும். இன்னொன்று, நல்ல இடத்தில் நின்று இரண்டே தொடுதலில் பாஸ் கொடுக்கும் கெட்டிக்கார வீரனுக்கு இதில் மூச்சே வாங்காது. அவனைத் தனியாகப் பிரித்து ஓடவைத்தே ஆகவேண்டும், இதை நிறைய கோச்கள் கவனிப்பதில்லை.

கேள்வி: நான் விங்கர். 70-ஆவது நிமிடத்துக்கு மேல் பந்தைத் துரத்தினால் கால் வரமாட்டேன் என்கிறது.

உங்களுக்குத் திரும்பத் திரும்ப ஸ்பிரிண்ட் வேண்டும். 20 மீட்டர் போய்த் திரும்பி 20 மீட்டர், முழு வேகம், 20 விநாடி ஓய்வு, இப்படி 6 முறை ஒரு செட். செட்டுக்கு நடுவே 4 நிமிடம் விட்டு 3 செட். 2008-இல் வெளியான, ஃபெர்ராரி பிராவோ என்ற ஆய்வாளரின் ஒப்பீட்டில் இந்த முறையும் 4x4-ம் விஓ2 மேக்ஸை ஒரே மாதிரிதான் ஏற்றின, ஆனால் யோ-யோ டெஸ்டில் (வேகம் கூடிக்கொண்டே போக, 20 மீட்டர் போய்வந்து போய்வந்து ஓடும் சோதனை) ஸ்பிரிண்ட் குழு 28 சதவீதம் முன்னேறியது, 4x4 குழு 12.5 சதவீதம்தான். தொடையின் பின்தசைக்கு இது பெரிய சுமை. முதல் வாரம் ஒரே செட்டோடு நிறுத்துங்கள், பின்தொடை இழுக்கிற மாதிரி இருந்தால் அன்றைக்கு அத்தோடு போதும். அப்புறம், இது வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் பயிற்சி. வேகமே கூட வேண்டுமானால் 30 மீட்டர் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஓய்வெடுத்து அடுத்ததை ஓடுங்கள்.

கேள்வி: டபாடா நான்கே நிமிடம்தானே, அது போதாதா?

போதாது. இசுமி டபாடாவின் 1996 ஆய்வு சைக்கிளில் நடந்தது, விஓ2 மேக்ஸுக்குரிய உழைப்பைப் போல 170 சதவீதம், 20 விநாடி மிதி, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறையில் ஆள் அடியோடு ஓய்ந்துவிடுவார். மொபைல் ஆப் பார்த்துக் குதிப்பதில் அந்தக் கடுமை வராது. திரும்புவது, நிற்பது, மறுபடி கிளம்புவது எதுவும் சைக்கிளில் கிடையாது, கால்பந்தில் காலை வாட்டுவதே அதுதான்.

கேள்வி: எனக்கு 17 வயது, ஞாயிறு தோறும் மேட்ச். எந்த நாளில் எதைச் செய்வது அண்ணா?

செவ்வாய் 4x4, இல்லாவிட்டால் சின்ன ஆட்டம். வியாழன் நல்ல ஓய்வு விட்டு ஐந்தாறு ஸ்பிரிண்ட், அவ்வளவுதான். வெள்ளிக்குப் பிறகு கடுமையாக எதுவும் வேண்டாம் தம்பி. 20 விநாடி ஓய்வு ஸ்பிரிண்டை மேட்ச் இல்லாத வாரத்துக்கு வைத்துக்கொள், ஞாயிறு மேட்சில் முழுநேரமும் ஆடியிருந்தால் திங்கள் வெறும் நடை போதும்.