‘குறுவை போடுறது மட்டும் சூதாட்டம் இல்லையா?’ - போக்கர் ஆடப் போகிறேன் என்னும் மகனுக்கு என்ன பதில் சொல்வது

கேள்வி: மகன் பி.இ. முடித்து ஒரு வருஷம் ஆகிறது. வேலைக்குப் போகவில்லை. போக்கர் ஆடித்தான் சம்பாதிப்பேன் என்கிறான். முதலாக ஐந்து லட்சம் கேட்கிறான். நகையை அடகு வைக்கலாம் என்று அவன் அம்மாவிடம் பேசியும் வைத்திருக்கிறான். திட்டினால், ‘மேட்டூர்த் தண்ணியை நம்பி நீங்க குறுவை போடுறது மட்டும் சூதாட்டம் இல்லையா’ என்று கேட்கிறான். வாயடைத்துப் போய் நிற்கிறேன். - வலங்கைமான் பக்கம் ஒரு விவசாயி

பதில்: ஐயா, முதலில் அவன் கேள்வியை ஒதுக்காதீர்கள். பாதி நியாயம் அதில் இருக்கிறது. தண்ணீர் வருமா, அறுப்பு நேரத்தில் மழை கொட்டுமா என்பது உங்கள் கையில் இல்லை. அவனுக்கு வரும் சீட்டும் அப்படித்தான். ஆனால் உங்கள் நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் ஒரு விலை உண்டு. சம்பாவுக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் பிரீமியம் கட்டினால் காப்பீடு உண்டு. வெள்ளம் வந்தால் நிவாரணம் கேட்டு மனுவாவது கொடுக்கலாம். போக்கரில் தோற்றவனுக்கு எந்த தாலுகா ஆபீஸிலும் மனு வாங்க மாட்டார்கள்.

அடுத்து, ‘சூதாடிப் பயல்’ என்ற வார்த்தையை வீட்டில் நிறுத்துங்கள். மங்காத்தா, மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை இது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2023 நவம்பரில் சொல்லியிருக்கிறது. திட்டினால் அந்தத் தீர்ப்பைக் காட்டுவான், நீங்கள் தோற்றுப்போவீர்கள். அதனால் கணக்கைக் கேளுங்கள்.

ஒரு மாலை திண்ணையில் உட்காரவைத்து இதைக் கேட்டுப் பாருங்கள். கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்) சீட்டு. மேசையில் நாலு சீட்டு திறந்தாயிற்று, அதிலும் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரு சீட்டுதான் வர வேண்டும். அது ஆட்டினாக வந்தால் ஐந்தும் ஒரே ரகம், ஜெயிப்பு. பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயப் பணத்தில், 600 ரூபாய். எதிராளி 300 கட்டுகிறான். நாமும் 300 போடலாமா, இல்லை சீட்டை மடக்கி விலகலாமா?

‘வரும்போல இருக்கு, போடலாம்’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. தெரிந்தவன் இப்படிச் சொல்வான்: கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. ஆக வாய்ப்பு 19.6 சதவீதம். என் பணமும் சேர்ந்து 1,200 ரூபாய் ஆகும் பாட்டுக்கு நான் 300 போடுகிறேன் என்றால் 25 சதவீதம் தேவை. மடக்கணும். ஆனால் ஆட்டின் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் ஒரு 335 ரூபாயாவது கறக்க முடியும் என்றால் போடலாம். கடைசி வரியையும் சேர்த்துச் சொன்னால் பையன் உண்மையிலேயே படித்திருக்கிறான். சொன்னால் சந்தோஷப்படுங்கள், பணம் மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இது இந்தத் தொழிலின் அரிச்சுவடிதான்.

இனி வருமானம். ஆன்லைன் கதவு மூடிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்கிறது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை; நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ‘வெளிநாட்டு சைட்டில் ஆடுவேன், டெலிகிராம் ஏஜென்ட் சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லை) போட்டுத் தருவார்’ என்று மகன் சொன்னால் அங்கேதான் உஷாராக வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் பணம் எவன் கணக்கிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. மோசடிப் பணம் அதில் கலந்திருந்தால், எங்கோ ஒரு வெளிமாநில சைபர் போலீஸ் சொல்லி உங்கள் மகனின் வங்கிக் கணக்கு முடங்கும். உங்கள் நெல் பணம் வரும் கணக்கைத் தப்பித்தவறிக்கூட அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

ஊர்ப்பக்கம் லாட்ஜிலும் தோப்பிலும் ஆடினால் சூதாட்ட வழக்கு வரலாம். பின்னால் அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அது தலைகாட்டும்.

மிச்சம் இருப்பது கோவா கேசினோ. 21 வயது ஆகியிருக்க வேண்டும். உதாரணத்துக்கு 100/200 ரூபாய் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கட்டும் சிறிய, பெரிய பந்தயம்) மேசையை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை உட்கார 100 பெரிய பிளைண்ட், அதாவது 20,000 ரூபாய். ஒழுங்காக ஆடுகிறவர்கள் அதைப்போல் முப்பதிலிருந்து ஐம்பது மடங்கு கையில் இல்லாமல் உட்கார மாட்டார்கள். ஐம்பது மடங்கு என்றால் பத்து லட்சம். மகன் கேட்கும் ஐந்து லட்சம் 25 தடவைக்குத்தான் வரும். கேசினோ ஒவ்வொரு பாட்டிலும் எடுக்கும் கமிஷனான ரேக் வேறு.

நேரடி மேசையில் மணிக்குச் சுமார் 25 ஆட்டம்தான் ஓடும். மாதம் 120 மணி நேரம் உட்கார்ந்தால் 3,000 ஆட்டம். கெட்டிக்காரன், ரேக் போக 100 ஆட்டத்துக்கு 10 பெரிய பிளைண்ட் ஜெயிக்கிறான் என்று தாராளமாகவே வைப்போம். மாதம் 60,000 ரூபாய் வருகிறது. ஐ.டி. சம்பளம் மாதிரி தெரிகிறதா? இந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் 100 ஆட்டத்துக்குச் சுமார் 90 பெரிய பிளைண்ட். 3,000 ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் மேலேயோ கீழேயோ போகும். அதாவது நன்றாக ஆடுகிற ஒருவனுக்கே நாலு மாதத்தில் ஒரு மாதம் நஷ்டம். இதைத்தான் அவர்கள் வேரியன்ஸ் என்பார்கள். சுமாராக ஆடுகிறவனும் நாலைந்து மாதம் ஜெயித்துவிட முடியும் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. பையன்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தோற்ற ஆத்திரத்தில் பெரிய மேசைக்கு மாறி ஒரே ராத்திரியில் விட்டதைப் பிடிக்கப் பார்ப்பதற்கு ‘டில்ட்’ என்று பெயர். கணக்கு தெரிந்தவனும் முதலை இழப்பது அதில்தான்.

அந்த 60,000-இல் அறை, சாப்பாடு, பயணம் போக வரியும் உண்டு. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. செலவைக் கழிக்க முடியாது. தோற்றதையும் ஈடுகட்ட முடியாது. தொழில் என்கிறானே, வேறு எந்தத் தொழிலில் நஷ்டத்தைக் காட்டாமல் லாபத்துக்கு மட்டும் வரி கட்டுகிறோம்?

மனிமேக்கர் பெயரைச் சொல்வான், எல்லாப் பையன்களும் சொல்வார்கள். அந்த அமெரிக்க அக்கவுண்டன்ட் 86 டாலரில் ஆன்லைன் தகுதிப் போட்டி ஆடி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள போக்கர் உலகத் தொடருக்குப் போய், 2003-இல் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். உண்மைதான். அன்று உட்கார்ந்தவர்கள் 839 பேர். போட்டிகளில் பெரும்பாலும் நூற்றில் பதினைந்து பேருக்குத்தான் ஏதாவது பணம் வரும். பலர் தங்கள் நுழைவுப் பணத்தின் பங்கைப் பிறருக்கு விற்றுவிட்டுத்தான் ஆடுகிறார்கள். மேடையில் காட்டும் தொகை முழுதும் அவர்கள் பைக்குப் போவதில்லை.

ஆகவே நகை பெட்டியிலேயே இருக்கட்டும், கடனும் வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே தன் சம்பளத்தில் தனியாக ஒரு தொகை ஒதுக்கி ஆடட்டும். தேதி, மணி நேரம், போட்டது, எடுத்தது என்று நோட்டில் எழுதட்டும். ஐந்நூறு மணி நேரக் கணக்கு இல்லாமல் முழுநேரம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அந்த ஐந்நூறு மணியும் பன்னிரண்டாயிரம் ஆட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், முடிவு சொல்லப் போதாது. ஆனால் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறானா என்பது தெரிந்துவிடும்.

திண்ணைக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னான் என்றால், அந்தத் தலைக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு வேண்டிய ஆக்சுவரி (இடர்க் கணக்கு போடுபவர்) படிப்புக்கு ஏ.செட் என்ற நுழைவுத்தேர்வு. பிளஸ் டூ தேர்ச்சியே போதும், வேலை பார்த்துக்கொண்டே பேப்பர் பேப்பராக முடிக்கலாம். சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்ஸி. இருக்கிறது. நிகழ்தகவை இவ்வளவு ஆசையாகப் படிக்கிற பையன் இரண்டுக்கும் பாடத்திட்டத்தை இறக்கிப் பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் இன்றைக்கே பாருங்கள். அவன் போனில் கடன் ஆப் இருக்கிறதா? நண்பர்களிடம் கைமாற்று வாங்கியிருக்கிறானா? தூக்கம் கெட்டு, பண விஷயத்தில் பொய் சொல்கிறானா? இருந்தால் இது வேலை ஆலோசனையில் தீராது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவன் மாட்டேன் என்றால் முதலில் நீங்கள் பேசுங்கள்.