விளக்கா, குடமா?

கேள்வி: துப்பாக்கியை வைத்து ஆட்சியைப் பிடித்தவர்கள் எதற்காகப் பொதுவாக்கெடுப்பு நடத்துகிறார்கள்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ‘எந்த உரிமையில் ஆள்கிறாய்?’ என்று கேட்பவர்களிடம் நீட்ட ஒரு காகிதம் வேண்டுமே! அதற்கான வேலை கேள்வியை எழுதும்போதே முடிந்துவிடும்.

பாகிஸ்தானில் 1977 ஜூலை 5 அன்று ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஜியா உல் ஹக், 90 நாளில் தேர்தல் என்றார். ஏழு ஆண்டு கழித்து, 1984 டிசம்பர் 19-ல் நடந்ததோ பொதுவாக்கெடுப்பு. சட்டங்களைக் குர்ஆனுக்கு இசைவாக மாற்றும் பணியையும், மக்கள் பிரதிநிதிகளிடம் ஆட்சி ஒழுங்காகக் கைமாறுவதையும் ஒரே கேள்வியில் கோத்து, ‘ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டார்கள். ஒரு முஸ்லிம் இதற்கு ‘இல்லை’ என்று எப்படிக் குத்துவார்? ‘ஆம்’ ஜெயித்தால் ஜியா ஐந்தாண்டுக்கு அதிபர் என்ற விஷயம் கேள்வியில் கிடையாது, உத்தரவில் இருந்தது. புறக்கணிக்கச் சொல்வதும் குற்றம். அரசுக் கணக்கில் 98.5 சதவீதம் ‘ஆம்’.

கேள்வி: இலங்கையில் 1982-ல் விளக்கு, குடம் என்று வாக்கெடுப்பு நடந்ததே, அதுவும் இதே கதைதானா? (வாசகர், திருச்சி)

பதில்: இது இன்னும் நுணுக்கமானது. அன்றைய இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா தேர்தலில் ஜெயித்தே வந்தவர். 1977-ல் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு சுமார் 51 சதவீதம். இடங்களோ 168-ல் 140. ஆனால் அவரே கொண்டுவந்த 1978 அரசியலமைப்பு, வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறைக்கு மாறியிருந்தது. 1982 அக்டோபர் அதிபர் தேர்தலில் அவர் பெற்ற வாக்கு ஏறத்தாழ 53 சதவீதம். புதிய முறையில் அதே வாக்குக்கு, அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைக்காது.

ஆகவே தேர்தலுக்குப் பதில், இருக்கிற நாடாளுமன்றத்தின் ஆயுளையே ஆறாண்டு நீட்டிக்க நான்காம் திருத்தம். உச்ச நீதிமன்றத்தில் 4-க்கு 3 என்று தப்பியது. டிசம்பர் 22 அன்று, அவசரநிலைக்கு நடுவே வாக்கெடுப்பு. சம்மதத்துக்கு விளக்கு, மறுப்புக்குக் குடம். (நம் வீடுகளில் விளக்கை வேண்டாம் என்று யார் சொல்வார்?) யாழ்ப்பாண மாவட்டம் சொன்னது, குடத்துக்கு வாக்களித்து. நாடு முழுவதுமாக விளக்குக்கு 54.7 சதவீதம்.

அந்த நாடாளுமன்றத்தின் பழைய கெடு 1983 ஆகஸ்ட் 4. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்லி, மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி (இலங்கைத் தமிழர் கட்சி) உறுப்பினர்களின் இடங்களைப் பறித்த ஆறாம் திருத்தம் சட்டமானது, நீட்டிய ஆயுளில், ஆகஸ்ட் 8 அன்று.